குடையைப் பார்த்தீர்களா? துப்பறியும் கிராஃபிக் நாவலில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

கோத்தகிரியில் நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிடும். அப்படி ஒரு மாலையில்தான் என் முதல் துப்பறியும் கிராஃபிக் நாவலை, அதாவது முழுநீளப் படக்கதையை, வாசித்தேன். நூறு பக்கம், நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கொலைகாரர் யாரென்று தெரிந்தபோது எரிச்சல்தான் வந்தது. ஒரு தடயமும் காட்டாமல் கடைசியில் ஒருவரைக் கைகாட்டினால் என்ன நியாயம் என்று அக்கா மகளிடம் புலம்பினேன். அவள் சிறு வயதிலிருந்தே காமிக்ஸோடு வளர்ந்தவள். புத்தகத்தை வாங்கி, முன்பக்கங்களில் ஒன்றைப் பிரித்து நீட்டி, "சித்தி, இந்தக் குடையைப் பார்க்கவே இல்லையா?" என்றாள்.

பார்க்கவில்லை. கதவோரம் சாய்த்து வைத்த குடை, அதன் கீழே தரையில் கொஞ்சம் தண்ணீர். அன்று முழுக்க வெளியே போகவே இல்லை என்று சாதித்தவருடைய அறை அது. பக்கத்தைப் பிரித்து வரைந்த படக் கட்டங்களில் மூன்றில் அந்தக் குடை இருந்தது. நான் வசனத்தை மட்டும் வாசித்துக்கொண்டு ஓடியிருந்தேன். (கதையின் பெயரைச் சொன்னால் முடிவும் தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை.)

பாக்கெட் நாவல்களை பஸ்ஸில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துப் பழகிய என் போன்றவர்கள் முதலில் விழுவது இந்தக் குழியில்தான். படம் என்பது வசனத்துக்குத் துணை, அலங்காரம் என்று நினைத்துவிடுகிறோம். துப்பறியும் கதையில் நிலைமை நேர் எதிர். எழுத்தில் ஓர் ஆசிரியர் "மூலையில் ஈரக் குடை இருந்தது" என்று எழுதினால் நமக்கு உடனே மூக்கு வியர்க்கும். சொல்லாமலும் இருக்க முடியாது, சொன்னாலும் மாட்டிக்கொள்வார். ஓவியருக்கு அந்தச் சங்கடமே இல்லை. நாற்காலி, ஜன்னல், அலமாரி, குடை எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் வரைந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். எது முக்கியம் என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

அதனால் நான் இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை பார்க்கிறேன். முதலில் வசனம். அப்புறம் வசனத்தை விட்டுவிட்டு வெறும் படம்: யார் எந்தக் கையால் பேனா பிடிக்கிறார், சுவர்க் கடிகாரம் என்ன மணி காட்டுகிறது, கண்ணாடியில் யார் தெரிகிறார், போன கட்டத்தில் மேஜையில் இருந்த பொருள் இந்தக் கட்டத்தில் இருக்கிறதா. வண்ணத்தையும் கவனியுங்கள். பழைய சம்பவம் வரும்போது பல ஓவியர்கள் நிறத்தை மங்கலாக்குவார்கள், அல்லது கட்டத்தின் ஓரக்கோட்டை மாற்றுவார்கள். இதைத் தவறவிட்டால் செத்தவர் எப்படித் திரும்ப வந்தார் என்று குழம்புவோம். அதற்காக ஒவ்வொரு டீ கிளாஸையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வருவது, இடம் மாறுவது, காரணமில்லாமல் பெரிதாக வரையப்பட்டது, இவை போதும்.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியும் அப்படித்தான். ஒரு கட்டத்தில் ஒருவர் கத்தியை எடுக்கிறார். அடுத்த கட்டத்தில் இன்னொருவர் தரையில் கிடக்கிறார். குத்தியதை யாரும் வரையவில்லை, நாமே மனதுக்குள் வரைந்துகொண்டோம். நல்ல மர்மக்கதைக்காரர்கள் நம்மை ஏமாற்றுவது இந்த இடைவெளியில்தான். "நான் உண்மையில் எதைப் பார்த்தேன், எதை ஊகித்தேன்?" என்று கேட்டுக்கொண்டால் பாதிக் கதை அங்கேயே திறந்துகொள்ளும்.

அடுத்தது, கடையில் நின்று புரட்டுவது. எழுத்து நாவலைப் புரட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது. இதில் கடைசிப் பக்கங்களில் ஒரு பார்வை பட்டாலே போதும், விலங்கு மாட்டப்பட்ட முகம் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஓவியம் பிடிக்கிறதா என்று பார்க்க முதல் ஐந்தாறு பக்கங்கள் போதும். இதே காரணத்தால்தான் போனில் வாசிப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும், உள்ளே யார் என்பது பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். ஆசிரியர் அளந்து வைத்த அந்தத் திருப்பம் சின்னத் திரையில் சிதறிவிடும். இரண்டு பக்கம் விரியும் பெரிய படமும் துண்டாகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? தொடரின் நடுவில் தொடங்காதீர்கள். ஞாபகம் அழிந்துபோய்க் கரை ஒதுங்கிய ஒரு மனிதன் தான் யாரென்று தேடும் 'இரத்தப் படலம்' அருமையான கதை. ஆனால் அது பாகம் பாகமாக நீளும் ஒரே முடிச்சு. பத்தாம் பாகம் கையில் கிடைத்தது என்று ஆரம்பித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஜப்பானின் 'டிடெக்டிவ் கானன்' 1994 முதல் நூறு தொகுதிகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, மொத்தமாக வாங்க நினைத்தால் பர்ஸ் தாங்காது. என் யோசனை, தமிழிலேயே தொடங்குங்கள். சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் நமக்குத் தந்த ரிப்போர்ட்டர் ஜானி ஆல்பங்கள் புதியவர்களுக்குச் சரியான படிக்கட்டு. பிரெஞ்சில் 'ரிக் ஓஷே' என்ற பெயரில் 1955-இல் பிறந்தவர் இவர். பெரும்பாலும் ஒரு ஆல்பத்துக்கு ஒரு மர்மம். நடக்கவே முடியாது என்று தோன்றும் குற்றம், கடைசியில் அதற்கு ஒரு விளக்கம். கறுப்பு வெள்ளை பிடிக்குமென்றால் ரிப் கெர்பி என்ற துப்பறிவாளரின் கதைகள். பழைய இதழ்கள் எல்லாக் கடையிலும் இருக்காது, தெரிந்தவர்களிடம் இரவல் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

'மாங்கா' எனப்படும் ஜப்பானியப் படக்கதை வாங்கினால் வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் அதற்கு முன்னட்டை. தெரியாமல் நம் வழக்கப்படி திறந்தால் முதல் பக்கத்திலேயே குற்றவாளியைச் சந்திப்பீர்கள். ஆங்கிலத்தில் வந்த பழைய பதிப்புகள் சிலவற்றில் வாசகர் வசதிக்காகப் படங்களையே கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி அச்சிட்டார்கள். அதில் வலக்கைக்காரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். துப்பறியும் கதையில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

படக்கதைதானே என்று அப்படியே குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கான குற்றக் கதைகளில் ரத்தம் அப்படியே வரையப்பட்டிருக்கும். நீங்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். இந்தக் கதைகளில் கறுப்பு மை அதிகம், நிழலுக்குள் நிழல் வரைந்திருப்பார்கள். மூட்டமான சாயங்காலத்தில் மங்கிய பல்பின் கீழ் வாசித்தால் அந்த நிழலில் நிற்பவர் தெரியவே மாட்டார். பகலில் ஜன்னலோரம் உட்காருங்கள். இன்னொன்று ஈரம். வழவழப்பான ஆர்ட் தாள் நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பிரிக்கவே முடியாது, படம் உரிந்து வந்துவிடும். மழையில் பார்சல் நனைந்து வந்தால் காயும்வரை காத்திருக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாக மெல்லப் பிரித்து நடுவே வெள்ளைத் தாளைச் செருகுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கிவிடும். அலமாரியை ஓதம் ஏறும் சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் புத்தகங்களை வெளியே எடுத்து, விசிறிபோல் விரித்து, நிழலில் காற்றாட நிறுத்தி வையுங்கள்.