நாளைக் காலை பனி இறங்குமா? டம்ளரும் ஐஸும் வைத்துப் பார்த்துவிடலாம்

மார்கழி, தை மாதங்களில் வெளியே நிறுத்திய பைக்கின் சீட் காலையில் நனைந்திருக்கும், பக்கத்தில் ஷெட்டுக்குள் நிற்பது காய்ந்தே இருக்கும். காற்று ஒன்றுதான். ஏன் இப்படி என்று புரியவும், நாளைக்குப் பனியா மூடுபனியா என்று ஓரளவு கணிக்கவும் பனிப்புள்ளி என்கிற ஒரு எண் போதும்.

குளிரக் குளிர, காற்றில் நீராவியாக இருக்கக்கூடிய ஈரத்தின் அளவு குறைந்துகொண்டே வரும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டருக்கு அதிகபட்சம் சுமார் 30 கிராம், 20 டிகிரியில் 17, 10 டிகிரியில் 9 கிராம்தான். இப்போது இருக்கும் ஆவியே எந்த வெப்பநிலையில் அந்த அதிகபட்சத்தைத் தொடுமோ அதுதான் பனிப்புள்ளி. அதற்கும் கீழே குளிர்ந்தால் மிச்சம் தண்ணீராகிவிடும்.

1. மெல்லிய, பளபளப்பான எவர்சில்வர் டம்ளர் எடுங்கள். கண்ணாடி டம்ளர் வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் குளிர் வெளிப்பக்கம் வந்துசேர நேரமாகும். சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் நல்லது. காய்ச்சல் பார்க்கிறது உதவாது, இவ்வளவு குறைந்த வெப்பநிலையைக் காட்டாது.

2. பொழுது சாய்ந்தபின் மொட்டைமாடியில் வைத்து, பாதி டம்ளர் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. முக்கியமான இடம் இதுதான். ஐஸைக் கொட்டிவிடக் கூடாது. நொறுக்கி, ஒவ்வொரு துண்டாகப் போட்டு, அது கரையும்வரை கலக்கி, அப்புறம் அடுத்தது. அவசரப்பட்டால் டம்ளர் வியர்க்கும்போது தண்ணீர் பனிப்புள்ளியைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகவும் கூடாது, மூச்சின் ஈரம் பட்டாலே டம்ளர் மங்கிவிடும். வெளிப்பக்கம் முதன்முதலில் மங்கும்போது காட்டும் டிகிரியைக் குறியுங்கள். பிறகு ஐஸ் போடாமல் கலக்கிக்கொண்டே இருந்து, மங்கல் மறையும்போது இன்னொரு முறை. இரண்டின் சராசரிதான் உங்கள் பனிப்புள்ளி.

4. வானிலை முன்னறிவிப்பில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் புல்லும் வண்டி சீட்டும் தங்கள் வெப்பத்தை மேலே கதிர்வீசி, காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே குளிரும். அதனால் குறைந்தபட்சம் பனிப்புள்ளிக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்தாலும் பனி பிடிக்கும். மேகமோ ஷெட்டோ மேலே இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-லேயே இதை எழுதிவிட்டார், திறந்த வானத்தின் கீழும் பலகைக்கு அடியிலும் கம்பளி வைத்து எடைபோட்டுப் பார்த்த மனிதர்!

மூடுபனிக்குக் காற்றே பனிப்புள்ளிவரை குளிர வேண்டும். மழை பெய்து நனைந்த மண், தெளிந்த வானம், மெல்லிய காற்று மூன்றும் சேர்ந்தால் எதிர்பார்க்கலாம். பலத்த காற்று கலைத்துவிடும். துளிகள் ஒட்டிக்கொள்ளத் தூசும் புகையும் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் வெந்நீரும் ஊதுபத்திப் புகையும் விட்டு, மூடி, அழுத்திச் சட்டென்று விடுங்கள், உள்ளே மேகம் வரும். புகையில்லாமல் செய்தால் அநேகமாக ஒன்றுமே தெரியாது.

பின்சேர்க்கை: ஐஸ் முழுவதும் போட்டும் டம்ளர் வியர்க்கவில்லை என்று ஊட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அங்கே குளிர்கால இரவுகளில் பனிப்புள்ளி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம், தண்ணீரும் ஐஸும் மட்டும் அதைத் தொடாது. உப்பு சேர்த்துக் கலக்குங்கள். வெளிப்பக்கம் துளிக்குப் பதில் வெள்ளையாகப் படிந்தால் அது உறைபனி.