கின்மவுண்டிலிருந்து ஹலிபேர்ட்டன் வரை: முதல் நீண்ட ஸ்னோமொபைல் ஓட்டத்துக்கு முன்

குளிர்காலம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஹீற்றர் அருகே குந்தியிருப்பதுதான் என்று நம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முதல் நாலு வருடத்தைக் கழித்தவன் நான். ஐந்தாவது வருடம், கூட வேலை செய்த ஒருவர் வலுக்கட்டாயமாக வடக்கே கூட்டிப்போய் ஒரு ஸ்னோமொபைலில், அதாவது பனியில் ஓடும் மோட்டார் வண்டியில், ஏற்றிவிட்டார். இப்போது ஜனவரி பிறந்தால் பனி எப்போது கொட்டும் என்று நாளுக்கு நாலு தரம் வானிலை பார்க்கிற ஆளாகிவிட்டேன். ஊரிலிருந்து அண்மையில் வந்த தம்பிமார் "அண்ணை, நாங்களும் வரலாமோ?" என்று கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். ஆனால் ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்து வட்டமடிப்பது வேறு, காலையில் கிளம்பி நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடித் திரும்புவது வேறு. நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

எங்கடை ஆட்கள் எல்லா ஸ்னோமொபைலையும் 'ஸ்கீடூ' என்பார்கள். அது ஒரு நிறுவனத்து வண்டியின் வணிகப் பெயர். கியூபெக்கில் ஜோசப் அர்மண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் சின்ன மகன் 1934 குளிர்காலத்தில் நோயில் விழுந்தான். பாதைகள் பனியில் மூடிக்கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்துபோனது. அதன் பிறகு பனியில் ஓடும் வண்டிகளைச் செய்வதே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. ஆட்களை ஏற்றும் பெரிய வண்டிகள் முதலில் வந்தன. ஓரிருவர் ஏறும் ஸ்கீடூ 1959 இல் வந்தது. பாதையில் சந்திக்கிறவர்கள் பெரும்பாலும் 'ஸ்லெட்' என்றுதான் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தை முதலே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஓடப்போகும் பாதை அரசாங்க வீதி அல்ல. ஒன்ராறியோவில் சுமார் 30,000 கிலோமீற்றர் ஸ்னோமொபைல் பாதைகளை ஊர்க் கழகங்கள் பராமரிக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மேலே ஓ.எஃப்.எஸ்.சி. என்ற ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. பாதையில் பெரும் பங்கு ஆரோ ஒரு கமக்காரரின் வயல் ஓரம், ஆரோ ஒருவரின் காடு. அவர்கள் மனமுவந்து விடுவதால்தான் நாங்கள் போகிறோம். ஊரில் பக்கத்து வளவுக்குள்ளால் குறுக்கே போக விட்டவர், நாங்கள் மரவள்ளியை மிதித்தால் அடுத்த நாள் படலையைச் சாத்திவிடுவார் அல்லவா? இங்கும் அதே கதைதான். ஒருவர் குறியிட்ட பாதையை விட்டு வயலுக்குள் இறங்கி விளையாடினால், நிலக்காரர் அனுமதியை மீளப் பெறுவார். ஒரு துண்டு அறுந்தால் இரண்டு ஊருக்கிடையிலான முழுத் தொடர்பும் அறுந்துவிடும். இரவில் குரூமர் வண்டி மெல்ல மெல்ல ஊர்ந்து பாதையைச் சமன் செய்வதும், ஆற்றின் மேல் சின்னப் பாலம் போடுவதும், விழுந்த மரத்தை வெட்டுவதும் பெரும்பாலும் கழகத்துத் தொண்டர்களின் வேலை. நீங்கள் வாங்கும் பாதை அனுமதிச் சீட்டின் காசு இதற்குத்தான் போகிறது. சீட்டு இல்லாமல் ஓடினால் தண்டம். பருவம் முழுவதற்குமான சீட்டைக் குளிர் தொடங்குமுன் வாங்கினால் மலிவு. ஒன்ராறியோச் சீட்டு கியூபெக்கில் செல்லாது. எல்லை தாண்டினால் அங்கத்தைய சீட்டு வேறாக வேண்டும்.

சீட்டோடு கடதாசி வேலை முடிந்துவிடாது. சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாதவர்கள் பாடநெறி முடித்து ஸ்னோமொபைலுக்கென்று உள்ள உரிமத்தை எடுக்கலாம், 12 வயதிலிருந்தே. ஆனால் வீதியைக் கடக்க 16 வயது ஆகியிருக்க வேண்டும். வண்டிக்குப் பதிவும் காப்புறுதியும் கட்டாயம், தலைக்கவசமும் அப்படியே. வாடகைக்கு எடுப்பவர்கள் காப்புறுதி வாடகையில் அடங்குமா, சேதமானால் உங்கள் தலையில் எவ்வளவு விழும், பாதைச் சீட்டு வண்டியில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சுப்பர் விசாவில் வந்த அப்பா அம்மாவையோ படிக்க வந்த மருமகனையோ பின்னுக்கு ஏற்றுமுன் அவர்களுடைய மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, ஸ்னோமொபைல் விபத்துக்குப் பணம் தருமா என்று ஒருதரம் வாசியுங்கள். பல பயணக் காப்புறுதிகள் இப்படியான விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கும்.

குடி விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "இது காட்டுக்குள்ளே, காரா என்ன?" என்று நினைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். சட்டத்துக்கு ஸ்னோமொபைலும் மோட்டார் வாகனம்தான். வெறியில் ஸ்லெட் ஓட்டிப் பிடிபட்டால் உங்கள் கார் லைசன்ஸ் போகும். இன்னும் குடியுரிமை எடுக்காதவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. 2018 டிசம்பரிலிருந்து வெறியில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 10 வருடம். அதனால் குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாக எடுக்கிறது. நிரந்தர வதிவிடமே ஆட்டம் காணலாம். ஒரு பியருக்காக இத்தனை வருடக் காத்திருப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி பாதைக்கு வருவோம். முதல் நீண்ட ஓட்டத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்ராறியோவில் கின்மவுண்ட் என்ற சின்ன ஊரிலிருந்து ஹலிபேர்ட்டன் ஊருக்குப் போகும் பழைய ரயில் பாதையை. ஹைவே 35 இல் லின்ட்சி தாண்டி வடக்கே போனால் அந்தப் பக்கம். தண்டவாளம் எப்போதோ கழற்றியாயிற்று. அதைத் தாங்கிய தடம் மட்டும் மிச்சம். ரயிலுக்குப் போட்டது என்பதால் செங்குத்தான ஏற்றம் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. கை பழகாதவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு வழி ஏறக்குறைய 35 கிலோமீற்றர், திரும்பினால் 70. அங்கிருந்து கழகத்தின் சுற்றுப்பாதை ஒன்றைச் சேர்த்தால் நூறு, நூற்றிருபது வந்துவிடும்.

இந்தத் தடத்தில் போகும்போது எனக்கு ஒரு கதை ஞாபகம் வரும். 1874 இல் ஐஸ்லாந்திலிருந்து சுமார் 350 பேர், இந்த ரயில் பாதை வேலைக்காகக் கின்மவுண்டுக்கு வந்தார்கள். நெருக்கடியான மரக் கொட்டில்களில் முதல் குளிர்காலம். குழந்தைகள் பலர் இறந்துபோனார்கள். அடுத்த வருடமே பெரும்பாலானோர் மனிடோபாவுக்குக் கிளம்பி கிம்லி என்ற ஊரை உண்டாக்கினார்கள். ரயில் 1878 இல் ஹலிபேர்ட்டனைத் தொட்டபோது அவர்களில் அநேகர் அங்கே இல்லை. புதிதாக வந்தவர்களின் முதல் குளிர்காலம் என்ற அளவில் எங்களுக்கும் அது அந்நியக் கதை இல்லை.

திட்டம் போடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். சட்டப்படி பாதையில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். நிற்பது, குளிரில் கை தேய்ப்பது, படம் எடுப்பது, பின்னால் வருகிறவருக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் புதியவர்கள் மணிக்கு 25, 30 க்கு மேல் போகமாட்டார்கள். நூற்றிருபது கிலோமீற்றருக்கு நாலரை, ஐந்து மணித்தியாலம் போகும். ஜனவரி தொடக்கத்தில் சூரியன் ஐந்து மணிக்கு முதலே இறங்கிவிடும். பெப்ரவரி நடுவில் ஐந்தரை. ஆகவே ஒன்பது மணிக்குள் கிளம்புங்கள். கிளம்புமுன்னரே 'திரும்பும் மணி' ஒன்றைக் குழுவாக முடிவு செய்யுங்கள். நாங்கள் வைப்பது மதியம் ஒரு மணி. எங்கே நின்றாலும் சரி, ஹலிபேர்ட்டன் இன்னும் ஐந்து கிலோமீற்றர்தான் என்றாலும் சரி, ஒரு மணிக்கு வண்டி திரும்பும். இந்த ஒரு விதியில் மட்டும் நான் மச்சானுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கூட்டமைப்பின் இணைய வரைபடம் இன்னொரு கட்டாயம். பச்சை என்றால் பாதை திறந்திருக்கிறது. மஞ்சள் என்றால் திறந்திருக்கிறது, ஆனால் குறைபாடு உண்டு, நிதானமாகப் போ. சிவப்பு என்றால் மூடியாயிற்று. நேற்று பச்சையாக இருந்தது ஒரு மழை பெய்தால் இன்று சிவப்பாகிவிடும். வெள்ளிக்கிழமை ஒருதரம், கிளம்பும் காலையில் ஒருதரம் பாருங்கள். ஹோட்டல் அறை எடுப்பதென்றால் ரத்துச் செய்யக்கூடியதாக எடுங்கள். பனி உங்கள் கிரெடிட் கார்ட்டைப் பார்த்துப் பெய்யாது. சிவப்புத் துண்டில் "அஞ்சாறு கிலோமீற்றர்தானே" என்று இறங்குவது முன்னே சொன்ன படலை விவகாரத்தில் போய் முடியும்.

பெற்றோலில் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரைபடத்தில் பம்ப் அடையாளம் இருக்கிற ஒரு சின்ன ஊரை நம்பிப் போனோம். நாலரைக்கு அங்கே சேர்ந்தால் கடை பூட்டு. டாங்கில் கால்வாசிகூட இல்லை. மூன்று ஸ்லெட்டில் இரண்டை விட்டுவிட்டு, மிச்சப் பெற்றோலை ஒன்றில் சேர்த்து, ஒருவர் போய் உதவி கொண்டுவர இரவு எட்டு மணி. ஒரு டாங்க் பொதுவாக 150 முதல் 200 கிலோமீற்றர் இழுக்கும் என்பார்கள். புதுப்பனியிலும் கடும் குளிரிலும் அது குறையும். பாதி இறங்குமுன் நிரப்புவது என் வழக்கம். பம்ப் இருக்கிற கடைக்கு முதல் நாளே அழைத்து, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். பெற்றோலோடு எண்ணெயும் எரிக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் எண்ணெய்த் தொட்டியையும் பாருங்கள். பெற்றோல் நிரப்புகிற கை எண்ணெயை மறந்துவிடும்.

பழைய ரயில் பாதை இறுகி ஐஸாகிக் கிடக்கும் நாட்களில் இன்னொரு தொல்லை வரும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் சூட்டைத் தணிப்பது டிராக், அதாவது அடியில் சுழன்று வண்டியைத் தள்ளும் ரப்பர்ப் பட்டி, வாரி எறியும் பனிதான். தூள் பனி இல்லாவிட்டால் வண்டி கொதிக்கும். அடியில் உள்ள பிளாஸ்டிக் சறுக்குப் பட்டியும் தேயும். அதற்காக ஸ்கிராச்சர் என்ற கம்பிகள் உண்டு. அவற்றை இறக்கிவிட்டால் ஐஸைக் கீறிப் பனித்தூளை மேலே எறியும். வாடகை வண்டியில் அவை இருக்கின்றனவா, எப்படி இறக்குவது என்று கேட்டுவையுங்கள். சூடு காட்டும் விளக்கு எரிந்தால் ஓரத்துத் தூள் பனியில் கொஞ்சம் நிறுத்தி ஆறவிடுங்கள். எஞ்சின் விசையை டிராக்குக்குக் கடத்தும் பெல்ட்டில் உதிரி ஒன்று, அதை மாற்றத் தெரிந்த ஒருவர், இழுக்கும் கயிறு ஆகிய மூன்றும் இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை.

அடுத்தது ஏரி. ஹலிபேர்ட்டன் பக்கம் தொட்டதெல்லாம் ஏரி. வெள்ளையாக, மைதானம் போலப் பரந்து கிடக்கும். குறுக்கே போனால் அரை மணித்தியாலம் மிச்சம் என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். கனடிய செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்குச் சொல்லும் தடிப்பு 25 சென்ரிமீற்றர், அதுவும் தெளிந்த நீல ஐஸ். பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் அதில் பாதிப் பலம்தான். மேலே பனி போர்த்திருந்தால் உங்களுக்கு நிறம் தெரியாது. போர்வை போல மூடிக்கொண்டு ஐஸ் தடிக்கவும் விடாது. ஏரிகள் ஒன்றோடொன்று சேரும் ஒடுக்கமான இடங்களில் நீரோட்டம் ஐஸை அடியிலிருந்து தின்னும். கொட்டேஜ்காரர்கள் படகுத்துறை உடையாமலிருக்கக் காற்றுக் குமிழி விடும் இயந்திரம் போடுவார்கள். அதைச் சுற்றி நடு ஜனவரியிலும் திறந்த தண்ணீர் இருக்கும். முதல் இரண்டு பருவமும் ஏரிப் பக்கமே போகாமல் தரைப் பாதையை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகும் உள்ளூர் ஆட்கள் கூட வந்தால் மட்டும்.

உடுப்பில் ஒரே ஒரு சட்டம்: பருத்தி வேண்டாம். ஜீன்ஸும் ரீசேட்டும் வியர்வையைக் குடித்து உங்களையே உறைய வைக்கும். உள்ளே வியர்வை கடத்தும் உடுப்பு, நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத ஸ்னோமொபைல் சூட். வெப்பநிலை -15 என்றால் 50 கிலோமீற்றர் வேகத்தில் தோலுக்கு அது -29 போல இருக்கும். உதிரிக் கையுறை ஒரு சோடி அவசியம். சாப்பாட்டுக்கு றோல்ஸும் பற்றிஸும் உள்ளங்கி மடிப்புக்குள் வைத்தால் உறையாது. பைக்குள் வைத்தால் மத்தியானம் கல்லைக் கடிப்பீர்கள். பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. பாதையோரத்தில் குளிர்காய நிற்கும் வெள்ளைக்காரருக்கு ஒரு கப் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முப்பது கிலோமீற்றரின் நிலவரம் முழுவதையும் அவர் சொல்லிவிடுவார். எந்தச் செயலியும் அவ்வளவு சொல்லாது.

பாதையில் எப்போதும் வலது பக்கம். கைச்சைகை எல்லாம் இடது கையால். நேரே மேலே தூக்கினால் நிற்கப்போகிறேன். பக்கவாட்டில் நீட்டினால் இடது. முழங்கையை மடித்து மேலே காட்டினால் வலது. எதிரே வருகிறவர் விரல்களை மடக்கி முஷ்டியாகத் தோளளவில் காட்டினால் அவர்தான் கடைசி ஆள். அது வரும்வரை வளைவில் இன்னும் வண்டிகள் வரும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் ஆகப் பழகாதவர் நடுவில், கை தேர்ந்த இருவர் முன்னும் பின்னும். வேகத்தை நடுவில் இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

காட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய. ஆகவே வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்குப் பிறகு 911 க்கு அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். திரும்பியதும் அவருக்கு உடனே அழையுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், கோப்பிக் கடையில் சூடாக இருந்து கதையளந்துகொண்டிருந்தேன். தற்செயலாகக் கைபேசியை எடுத்துப் பார்த்தால் மனைவியிடமிருந்து பதினொரு அழைப்பு. குளிர் -22 என்றாலும் அன்றிரவு வீடுதான் கூடக் குளிராக இருந்தது.