கிட்டை விட்டு மோல்ட் எக்ஸ்ட்ராக்டுக்கு மாறுகிறவர்கள் தவறும் இடங்கள்

போன மார்கழி விடுமுறைக்கு மெல்பேர்ணில் இருந்து வந்திருந்த பெறாமகன், கொக்குவில் வீட்டுக் குசினிக்குள் வந்து நின்று கேட்டான்: “சித்தப்பா, கிட்டில செய்யேக்க நல்லா வந்த பியர், மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் வாங்கிச் செய்தா ஏன் பாணி மாதிரி இனிக்குது?”

“ஹொப்ஸ் போட்டுக் கொதிக்க வைச்சியோ?” என்று கேட்டேன். இல்லை என்றான். (கிட் என்பது வீட்டில் பியர் செய்யப் பேணியில் வரும் ஆயத்தக் கலவை. ஹொப்ஸ் பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ.) நானும் அந்த ஊரில் இருந்த காலத்தில் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். இருபது லீற்றரையும் கீழே ஊற்ற வேண்டி வந்தது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆகவே இது சட்டம் இடம் கொடுக்கிற நாடுகளில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு.

கிட் பேணிக்குள் இருப்பதும் மோல்ட் எக்ஸ்ட்ராக்ட்தான். முளைவிட்ட பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, மாச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சாற்றை வற்றவைத்தது. கருப்பணியைக் காய்ச்சிப் பனம்பாணி எடுப்பது போலத்தான். ஆனால் கிட்டில் ஹொப்ஸின் கசப்பையும் சேர்த்தே அடைத்திருப்பார்கள். அதனால் சுடுதண்ணீரில் கரைத்து, சீனி போட்டு, 23 லீற்றருக்குத் தண்ணீர் விட்டு, மூடிக்குக் கீழே இருக்கும் ஈஸ்டைத் தூவினால் போதும். வெறும் எக்ஸ்ட்ராக்டில் அந்தக் கசப்பு இல்லை. அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், அதற்குக் கொதி வேண்டும். ஹொப்ஸில் உள்ள அல்பா அமிலம் பச்சையாகக் கரையாது. கொதிக்கும்போது உருமாறித்தான் கசப்பாக இறங்கும். கசப்புக்குப் போடுவதை ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள், வாசத்துக்குப் போடுவதைக் கடைசி ஐந்து, பத்து நிமிடத்தில் போடுங்கள்.

எத்தனை கிராம் என்று மட்டும் பார்த்துப் போடுவது அடுத்த தவறு. பைக்கற்றில் அல்பா வீதம் எழுதியிருக்கும். 12 வீதம் உள்ள ஹொப்ஸ் 20 கிராம் போதும் என்றால், 6 வீதம் உள்ளதில் 40 கிராம் வேண்டும். நண்பன் சொன்ன கிராம் கணக்கை வேறு ஹொப்ஸுக்கு அப்படியே பிடித்துக்கொண்டவர்கள்தான் “கசக்கவே இல்லை” என்று வந்து நிற்பார்கள்.

எக்ஸ்ட்ராக்ட் தூளாகவும் பாணியாகவும் வரும். இரண்டும் ஒன்றல்ல. பாணியில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்குப் பதில் ஏறக்குறைய 1.2 கிலோ பாணி வேண்டும். 20 லீற்றருக்கு இரண்டரைக் கிலோ தூள் போட்டால், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.046 அளவில் நிற்கும். நடுத்தரமான பியருக்கு அது சரி. கிட்டுப் பழக்கத்தில் இதற்கு மேலும் ஒரு கிலோ சீனி கொட்டாதீர்கள். பியரின் உடம்பு மெலிந்து, சாராய நெடி மட்டும் மிஞ்சும்.

அடுப்படிக்கு வருவோம். பாணி காய்ச்சுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: அடிபிடித்தால் அந்த மணம் கடைசிவரை போகாது. எக்ஸ்ட்ராக்ட் கனமானது, ஊற்றியதும் நேரே அடிக்குப் போய்ப் படியும். அடுப்பை அணைத்து, ஊற்றி, அடியைத் துளாவி முழுக்கக் கரைத்த பிறகுதான் மறுபடி மூட்டவேண்டும். கொதி தொடங்கும்போது நுரை கிளம்பும். பானையில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள், பக்கத்தை விட்டுப் போகாதீர்கள். சின்னப் பானையில் பத்து லீற்றர் கொதிக்கவைத்துப் பிறகு தண்ணீர் சேர்க்கிறவர்கள், எக்ஸ்ட்ராக்டில் பாதியை மட்டும் முதலில் போட்டு மீதியைக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கரைப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் காய்ச்சினால் பொன்னிறம் மண்ணிறமாகிவிடும். பழைய பேணியை வாங்கினாலும் இதே கதிதான். பாணி நாள்பட நாள்பட இருளும், சுவையும் பழசாகும்.

நிறத்துக்கும் சுவைக்கும் கிறிஸ்டல் மோல்ட் (வறுத்த முளைப் பார்லி) கொஞ்சம் சேர்க்க ஆசை வரும். சேருங்கள். அரைக்கிலோவுக்குள், உடைத்துத் துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 பாகை வெந்நீரில் அரைமணி நேரம். பையைக் கொதிக்கவிட்டால் உமியில் இருந்து துவர்ப்பு இறங்கும், தேயிலையை நெடுநேரம் அவித்தது போல.

தண்ணீர் பற்றி என் பெறாமகன் நிறைய வாசித்திருந்தான். தண்ணீரில் சேர்க்கும் உப்பான ஜிப்சம் எவ்வளவு போடுவது என்று கேட்டான். எங்கள் வீட்டுக் கேத்திலைத் திறந்து காட்டினேன். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் காய்ச்சக் காய்ச்ச வெள்ளையாகப் படியும். எக்ஸ்ட்ராக்ட் செய்த தொழிற்சாலையின் தண்ணீரில் இருந்த உப்புகளும் இப்படித்தான், வற்றிய பிறகும் பாணிக்குள் இருக்கின்றன. அதற்கு மேல் உப்புச் சேர்க்க வேண்டியதில்லை. குளோரின் மணமில்லாத மென்தண்ணீரே போதும்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது வெப்பம். கொதித்த சாற்றை மூடி, ஐஸ் தண்ணீரில் வைத்து 20 பாகை அளவுக்கு இறக்கிய பிறகுதான் ஈஸ்ட் போடலாம். சூட்டில் போட்டால் ஈஸ்ட் சாகும். சாகாவிட்டாலும், 25 பாகைக்கு மேலே ஏல் வகைப் பியருக்கான சாதாரண ஈஸ்ட் வாழைப்பழ வாசமும் தலையிடி தரும் காட்டமும் விடும். முட்டியில் விழும் கள் எங்கள் வெயிலில் சில மணி நேரத்தில் புளிப்பதைப் பார்த்து வளர்ந்ததால், வேகமாக நொதித்தால் நல்லது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. பியருக்கு அது பொருந்தாது. 18 முதல் 20 பாகையில் மெதுவாகப் போகட்டும். மெல்பேர்ண் கோடையில் வீடு சுடும் நாட்களில் வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஐஸ் போத்தல்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். கொதிக்குப் பிறகு சாற்றில் படும் கரண்டி, குழாய், வாளி எல்லாம் கிருமி நீக்கியவையாக இருக்க வேண்டும்.

போத்தலில் அடைக்க அவசரம் வேண்டாம். குமிழி நின்றதை நம்பி அடைத்த போத்தல் வெடித்து, கண்ணாடி சுவரில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மூன்று நாட்கள் அசையாமல் நிற்க வேண்டும். அதன்பிறகு லீற்றருக்கு ஆறு ஏழு கிராம் சீனி, அவ்வளவுதான்.

திரும்பிப் போய் ஒரு மாதத்தில் பெறாமகன் படம் அனுப்பினான். வியாழன் 1.014, சனியும் 1.014. “அடைக்கட்டோ சித்தப்பா?” என்று கேட்டிருந்தான். திங்கள் ஒருக்கால் பார்த்துவிட்டு அடை என்று பதில் போட்டேன்.