லைம் நோய்: நாள் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

லைம் நோய் என்பது உண்ணி கடிப்பதால் வரும் ஒரு பாக்டீரியா தொற்று. இந்த நோய் விஷயத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் நேரம் சம்பந்தப்பட்டவை. செய்யும் காரியம் சரியாகத்தான் இருக்கும், செய்யும் நாள்தான் தப்பிப்போகும். ரத்தப் பரிசோதனை நல்ல விஷயம், ஆனால் கடிபட்ட மறுநாளே செய்தால் வீண். மருந்தும் அப்படித்தான். ஆகவே இந்த நோயின் நாள் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1970களின் நடுவில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பல குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியது. சில தாய்மார்கள் விடாமல் கேள்வி கேட்டதால்தான் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக ஆராயத் தொடங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் குடலில் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டார். அவர் பெயராலேயே அதற்கு பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் வடகிழக்கும் மேல் மத்திய மேற்கும், கனடாவின் தென்பகுதிகள், ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஆசியாவின் வடபகுதிகள் ஆகியவை இந்த நோய் அதிகமுள்ள இடங்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொட்டோ இருமியோ இது பரவாது.

மான் இருக்கும் காட்டுக்குப் போகாவிட்டால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் உண்ணிக்குள் இந்தக் கிருமி வருவது முக்கியமாக வெள்ளைக்கால் எலி போன்ற சிறு பிராணிகளிடமிருந்து. மான், வளர்ந்த உண்ணிகளுக்கு ரத்தம் கொடுத்து அவற்றைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். எலி எங்கே ஓடுகிறதோ அங்கே ஆபத்தும் இருக்கும். வீட்டுத் தோட்டத்தின் ஓரம், காய்ந்த இலைக் குவியல், விறகு அடுக்கி வைத்த இடம் எல்லாம் இதில் சேரும். பெரும்பாலானோருக்கு நோயைக் கொடுப்பது வளர்ந்த உண்ணியும் அல்ல. வசந்த காலக் கடைசியிலும் கோடையிலும் திரியும் இளம் உண்ணிதான் அது. கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது. கையால் மேலோட்டமாகத் தடவிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று முடித்துக்கொள்வது போதாது. முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், தொப்புள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று ஒவ்வொரு இடமாகப் பார்க்க வேண்டும்.

துணி விஷயத்திலும் ஒரு சின்னத் தவறு உண்டு. வெளியே போய் வந்த துணியை வெறும் குளிர்ந்த நீரில் துவைத்தால் உண்ணி சாகாது. காய்ந்த துணியை அப்படியே ட்ரையரில் போட்டு அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டினால் செத்துவிடும். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் துணியிலும் ஷூவிலும்தான் தெளிக்க வேண்டும், தோலில் பூசக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால், தெளித்த துணி நன்றாகக் காயும்வரை அதன் பக்கம் விடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தோலுக்கு டீட், பிகாரிடின் போன்ற பூச்சிவிரட்டிகள் உண்டு.

சரி, உண்ணி ஒட்டியிருக்கிறது. இப்போது என்ன செய்வது? தீக்குச்சியால் சுடுவது, வாஸலின் தடவுவது, நகப்பூச்சு ஊற்றுவது என்று காலங்காலமாகச் சொல்லப்படும் எதையும் செய்யாதீர்கள். உண்ணி தானாக விடும்வரை காத்திருப்பதும், மருத்துவர்தான் எடுக்க வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருப்பதும்கூடத் தவறுதான். ஏனென்றால் இங்கே மணிக்கணக்கு முக்கியம். கிருமி உண்ணியின் குடலில் இருக்கிறது. ரத்தம் உள்ளே வந்த பிறகுதான் அது பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்ந்து, நம் உடம்புக்குள் வருகிறது. இதற்குப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நுனி கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுங்கள். வாய்ப்பகுதி உள்ளே உடைந்து நின்றால் தோண்ட வேண்டாம், தோலே அதை வெளியே தள்ளிவிடும். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். அந்தத் தேதி பின்னால் உதவும்.

ஒவ்வொரு கடிக்கும் மாத்திரை தேவையில்லை. ஆனால் நோய் அதிகமுள்ள பகுதியில், லைம் கிருமியைச் சுமக்கும் வகை உண்ணி 36 மணி நேரமோ அதற்கு மேலோ ஒட்டியிருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம், மருத்துவர் தரக்கூடும். வாரக் கடைசி முடியட்டும் என்று இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தோல் தடிப்பு பற்றிய தவறான எண்ணம். இலக்குப் பலகை மாதிரி வளையத்துக்குள் வளையம் வந்தால்தான் லைம் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான தடிப்புகளில் அந்த வளையம் இருப்பதே இல்லை. சீராகச் சிவந்து, நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போகும் ஒரு திட்டு, அவ்வளவுதான். வழக்கமாக அரிப்போ வலியோ இருக்காது. கடித்த 3 முதல் 30 நாளுக்குள் வரும். நோய் வந்தவர்களில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் பேருக்கு இது தெரியும், மற்றவர்களுக்குத் தடிப்பே வராது அல்லது கண்ணில் படாது. கடித்த முதல் இரண்டு நாளில் தோன்றி மறையும் சிறு சிவப்பு வெறும் கடியின் எரிச்சல், அதற்குப் பயப்பட வேண்டாம். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது, ரத்தம் கட்டினதுபோலக் கன்றிப்போய்த் தெரியலாம். நம்மில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. ஆகவே நிறத்தை நம்பாமல், ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, தினமும் ஒரு போட்டோ எடுங்கள். கோட்டைத் தாண்டி விரிந்தால் உடனே காட்டுங்கள்.

அப்படி விரியும் தடிப்பு இருக்கும்போது, ‘ரிசல்ட் வரட்டும், பிறகு மருந்து’ என்று காத்திருப்பது அடுத்த தவறு. ரத்தப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக நம் உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் ‘நெகட்டிவ்’ வருவது சகஜம். இந்த நோய் அதிகமுள்ள பகுதியில் இருந்தவருக்கு இந்தத் தடிப்பு வந்தால், அதை வைத்தே சிகிச்சை தொடங்கலாம்.

கண்டுகொள்ளாமல் விட்டால் வாரங்கள், மாதங்கள் கழித்து முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போகலாம், முழங்கால் வீங்கலாம், இதயத் துடிப்பு தடைப்படலாம். மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஆரம்ப நிலையில் சிகிச்சை எளிது. பெரியவர்களுக்கு 10 நாள் டாக்சிசைக்ளின், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அமாக்சிசிலின் போன்றவை 14 நாள். தடிப்பு மறைந்ததும் பாதியில் நிறுத்தக் கூடாது. முதல் நாள் காய்ச்சலும் உடல்வலியும் கூடினால், கிருமிகள் அழிவதால் வரும் எதிர்வினையாக இருக்கலாம். அதை ஒவ்வாமை என்று நீங்களாகவே முடிவு செய்து மாத்திரையை விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் எடுக்கும் நாட்களில் வெயில் தோலை எளிதில் சுட்டுவிடும்.

சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்குச் சோர்வு, உடல்வலி, மறதி ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அந்த வேதனை உண்மையானது, யாரும் அதை மனப்பிரமை என்று தள்ளக் கூடாது. ஆனால் அதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றுவது உதவவில்லை என்பதை 2001-இல் அமெரிக்காவிலும் 2016-இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகள் காட்டின. நரம்பு வழியாக நீண்ட நாள் மருந்து ஏற்றியதில் கடும் தொற்று வந்து உயிரிழந்தவர்களும் உண்டு. ‘நாள்பட்ட லைம்’ என்று சொல்லி விலை உயர்ந்த சிகிச்சை விற்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. தைராய்டு, தூக்கக் கோளாறு, மன அழுத்தம் போன்ற வேறு காரணங்களையும் பரிசோதித்து, அறிகுறிகளுக்கு ஏற்ற சிகிச்சை தரும் மருத்துவரைத் தேடுங்கள்.

குணமாயிற்றா என்று பார்க்க மறுபடி ரத்தம் கொடுப்பதிலும் பயனில்லை. எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும், ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். ஒருமுறை வந்ததால் மறுமுறை வராது என்றும் கிடையாது. அடுத்த கோடையில் புதிதாக ஒரு தடிப்பு விரிந்தால், பழைய ரிசல்ட்டைப் புரட்டாமல், அன்றைக்கே தோலைக் காட்டிச் சிகிச்சை கேளுங்கள்.