காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லையா?

ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் 3, 4 நாளில் இறங்கிவிடும். இருமலும் அசதியும் 2 வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைந்துகொண்டு வந்தால் பயம் வேண்டாம். மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, விட்டுவிட்டுத் திரும்பி வரும் காய்ச்சல். இரண்டு நாள் நன்றாக இருந்து, சரி, தேறிவிட்டோம் என்று நினைக்கும்போது மறுபடி உடம்பு கொதித்து இருமலும் கூடினால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நிமோனியாவாக இருக்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சில் குழப்பம், சிறுநீர் வெகுவாகக் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் கிளம்புங்கள்.

மழைக்காலத்தில் டெங்குவையும் மறக்க வேண்டாம். அதில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை புரூஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள்.

கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் போய்விடுவது நல்லது. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், 2 வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லையென்றால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான இந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.