ஜெர்மனி வாய்ப்பு அட்டை: பன்னிரண்டு மாதத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஜெர்மனியில் வேலை தேட வாங்கிய என் வாய்ப்பு அட்டை விசாவில் 2025 மார்ச் 3 முதல் என்று அச்சடித்திருந்தது. நான் ஸ்டுட்கார்ட்டில் இறங்கியது மார்ச் 24. பழைய கம்பெனியில் ரிலீவிங் இழுத்துக்கொண்டே போனது. ஒரு வருட அட்டையில் மூன்று வாரம், விமானம் ஏறும் முன்பே செலவாகிவிட்டது. விண்ணப்பத்தில் வரும் தேதி கேட்பார்கள். ஆர்வக்கோளாறில் முந்தைய தேதியைப் போடாதீர்கள். கையில் ரிலீவிங் கடிதம் வரும் நாளைக் கணக்கிட்டு அதற்குப் பிந்தைய தேதியைப் போடுங்கள்.

ஜெர்மன் மொழியில் இந்த அட்டைக்கு சான்சென்கார்ட்டே என்று பெயர். 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையில் வேலை இல்லாமலே உள்ளே போய், அதிகபட்சம் ஒரு வருடம் தங்கித் தேடலாம். நான் மெக்கானிக்கல் டிசைன் எஞ்சினியர், போனபோது வயது 34. பட்டது என்னவோ அதை வைத்துத்தான் எழுதுகிறேன், மற்ற துறைக்காரர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டம். வயது, அனுபவம், மொழி என்று தகுதிக்குப் பாயின்ட் சேர்க்கும் கணக்கில்தான் எல்லாரும் உட்காருகிறார்கள். நானும் இரண்டு மாலை நேரம் காகிதத்தில் கூட்டிக் கழித்தேன். அது வீண் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு ஒப்பானது என்று ஏற்கப்பட்டால் நீங்கள் தகுதிபெற்ற தொழிலர், பாயின்ட்டே தேவையில்லை. இதை அனாபின் என்ற தகவல்தளத்தில் பார்க்கலாம். கல்லூரிக்கு எச் பிளஸ் குறி, அதாவது அங்கீகரிக்கப்பட்டது என்ற குறி, இருக்க வேண்டும், பட்டமும் ஒப்பானதாகப் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். என் கல்லூரி அதில் தெளிவாக இல்லை. அதனால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஸாப் எனப்படும் மத்திய அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கினேன். பிறகு வேலை அனுமதிக்கு மாறும்போதும் அதே காகிதத்தைத்தான் கேட்டார்கள். அந்தக் காசு வீண் போகவில்லை.

சொந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ குறைந்தது இரண்டு வருடத் தொழிற்பயிற்சியோ இருந்து, ஜெர்மனியின் முழு அங்கீகாரம் இல்லாதவர்கள் ஆறு பாயின்ட் சேர்க்க வேண்டும். அதற்கு முன் ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 இருப்பது கட்டாயம் (இவை மொழித் தேர்ச்சி நிலைகள், ஏ1 ஆரம்பம், சி2 உச்சம்). கடைசி ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் மூன்று பாயின்ட். ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் என்றால் இரண்டு. வயது 35-ஐத் தாண்டாவிட்டால் இரண்டு, 40 வரை ஒன்று. ஜெர்மன் ஏ2 ஒன்று, பி1 இரண்டு, பி2 மூன்று. ஆட்பற்றாக்குறைத் தொழில் என்றால் ஒன்று. ஆங்கிலம் சி1, ஜெர்மனியில் முன்பு தங்கியது என்று இன்னும் சில உண்டு. பிறந்தநாள் நெருங்கினால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பணம். ஷ்பெர்கோன்டோ என்னும் முடக்கக் கணக்கில் 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, வருடத்துக்கு 13,092 போட்டுக் காட்ட வேண்டும். மாதாமாதம் அந்த அளவுதான் வெளியே வரும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: வீட்டு அட்வான்ஸ் இதற்குள் அடங்காது. வாடகை அட்வான்ஸ் சட்டப்படி வெற்று வாடகையில், அதாவது தண்ணீர், வெப்பமூட்டல் செலவு சேராத வாடகையில், மூன்று மடங்கு வரை கேட்கலாம். அதனால் முடக்கக் கணக்குக்கு வெளியே ஒரு 2,500 யூரோவாவது கையில் எடுத்துச் செல்லுங்கள். நான் 900 வைத்துக்கொண்டு போனேன். முதல் மாதம் முழுக்க பாஸ்தாவும் தயிரும்தான்.

சரி, வீடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ஆறு வாரம் இதில்தான் போனது. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு அன்மெல்டுங் என்று பெயர். பதியாவிட்டால் வரி எண் வராது. பல வங்கிகள் கணக்குத் தொடங்கவும் அந்தக் காகிதத்தைக் கேட்கின்றன. பதிவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சான்று தேவை, அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். வாயில் நுழையாவிட்டாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இணையத்தில் பிடித்த அறையின் உரிமையாளர், வாடகையை வாங்கிக்கொண்டபின், "அந்தக் காகிதம் மட்டும் தரமாட்டேன்" என்றார். அவர் அந்த அறையை உள்வாடகைக்கு விடவே அனுமதி வாங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறை தேடினேன். ஆக, அறை பேசும்போது வாடகை எவ்வளவு என்பதற்கு முன், "இந்த முகவரியில் பதியலாமா?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அறையைப் பார்க்காமல் முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் விலகிவிடுங்கள்.

இரண்டாவது அறையில் பதிந்த பிறகும் வரி எண் வரவில்லை. மூன்று வாரம் காத்திருந்து கேட்டபோது, கடிதம் போனது, திரும்பிவிட்டது என்றார்கள். காரணம் தபால் பெட்டியில் என் பெயர் இல்லை. அங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டிய பெயரைத்தான் பார்ப்பார். குடிபுகுந்த அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி டேப் போட்டு ஒட்டுங்கள். நேர்முகக் கடிதம், வங்கி அட்டை, எல்லாம் அந்த இரும்புப் பெட்டி வழியாகத்தான் வரும்.

மே மாதம் ஒரு கிடங்கில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். இந்த அட்டையில் வாரத்துக்கு மொத்தம் 20 மணிநேரம் எந்த வேலையும் செய்யலாம். குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 12.82 யூரோ. மாதம் 1,100-க்குச் சற்று மேல் வந்து, பிடித்தம் போக 900 சொச்சம் கையில் நின்றது. பணத்தைவிட, என் ஜெர்மன் அங்கேதான் ஓடத் தொடங்கியது. ஆனால் எச்சரிக்கை: மாலை ஷிப்ட் எடுத்தால் மறுநாள் காலை விண்ணப்பம் எழுத உடம்பு ஒத்துழைக்காது. நான் கிடங்கு வேலைக்கு வெள்ளி, சனி என்று ஒதுக்கிக்கொண்டேன்.

இப்போது வேலை தேடுவது. ஸ்டுட்கார்ட் என்றால் கார் என்று நினைத்துத்தான் போனேன். கார் தொழிலில் அந்த வருடம் ஆட்குறைப்புப் பேச்சுத்தான் ஓடியது. நான் அனுப்பிய 61 விண்ணப்பங்களில் முதல் 30 அந்தத் திசையிலேயே கரைந்தன. பிறகு கிடங்கில் உடன் வேலை பார்த்த ஒரு பெரியவர்தான், "ஷ்வேபிஷ் ஹால் பக்கம் பார்த்தாயா? அங்கே பேக்கிங் இயந்திரம் செய்யும் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன" என்றார். ரயிலில் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல். ஊர்ப் பெயர் தெரியாத நடுத்தரக் கம்பெனிகள்தான் வெளியூர் ஆளைக் கூப்பிடத் தயங்காதவை, ஏனென்றால் அங்கே குடிவர உள்ளூர்ப் பட்டதாரிகளே தயங்குகிறார்கள். பெரிய நகரத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று நூறு முறை சொல்வேன். அதற்கு விலை மொழி. சிறிய ஊரில் ஆங்கிலத்தை வைத்து ஓட்ட முடியாது. ஏ2-வோடு வந்த நான் பி1 முடிக்கும் வரை ஒரு நேர்முகமும் இரண்டாம் கட்டத்துக்குப் போகவில்லை.

விண்ணப்பத்தில் இரண்டு பக்கத்துக்குள் அட்டவணை வடிவ சுயவிவரம், பட்டச் சான்றுகள், பழைய முதலாளி தந்த பணிச்சான்று, எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக. பணிச்சான்றில் "இன்னாரிடம் இத்தனை வருடம் வேலை பார்த்தார்" என்ற இரண்டு வரி அங்கே ஒன்றுக்கும் உதவாது. என்ன செய்தீர்கள் என்று பட்டியலாக எழுதித் தரச் சொல்லி, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்குங்கள். கிளம்பிய பிறகு பழைய மேலாளரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

ஜூலை முடிவில் ஒரு கம்பெனி இரண்டு வாரச் சோதனை வேலைக்கு அழைத்தது. அட்டையில் இதற்கு இடம் இருக்கிறது: ஒவ்வொரு முதலாளியிடமும் இரண்டு வாரம் வரை. மூன்றாம் நாள், நான் வரைந்த ஒரு பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை மேஸ்திரி வந்தார். நான்கு துளைகளுக்கும் எச்7 டாலரன்ஸ், அதாவது மிக நுணுக்கமான அளவு வரம்பு, போட்டிருந்தேன். விரலால் தட்டி, "முஸ் தாஸ் ஸைன்?" என்றார். இது தேவைதானா என்று பொருள். நான் பார்த்தேன்: இரண்டு துளையில் பாகத்தை இடம் பிசகாமல் நிறுத்தும் ஊசிப்பின் வருகிறது, அங்கே வேண்டும். மற்ற இரண்டிலும் போல்ட்தான் நுழைகிறது, அங்கே வேண்டவே வேண்டாம். "இங்கே இரண்டு மட்டும்" என்றேன் தட்டுத்தடுமாறி. அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் ஜெர்மன் எப்படி என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் அக்டோபரில்தான் வந்தது. ஆகஸ்ட் முழுக்க விடுமுறைக் காலம், யாரும் கையெழுத்துப் போட ஆளில்லை. இதைத்தான் பின்னாலிருந்து எண்ணச் சொல்கிறேன். ஒப்பந்தம் கையில் வந்தாலும் முழுநேர வேலையைத் தொடங்க முடியாது. அயல்நாட்டவர் அலுவலகத்தில் அட்டையை வேலை அனுமதியாக மாற்ற வேண்டும். எனக்கு அது மூன்று மாதம் எடுத்தது. அட்டை முடியும் முன் விண்ணப்பித்தால் இடைக்காலச் சான்று ஒன்று கிடைக்கும், ஆனால் அதில் பழைய 20 மணி நேர விதியே தொடரும். எனவே அட்டை தொடங்கிய ஒன்பதாம் மாதத்துக்குள் ஒப்பந்தம் என்று குறி வையுங்கள். உயர் தகுதியாளருக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கு 2025-இல் ஆண்டுச் சம்பள வரம்பு 48,300 யூரோ, பற்றாக்குறைத் தொழில்களுக்கு அதைவிடக் குறைவு. இந்த எண் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும், சம்பளம் பேசும் முன் அந்த வருடத்து எண்ணைப் பாருங்கள்.

அப்புறம், முடக்கக் கணக்கில் மீதி இருக்கும் பணம் வேலை கிடைத்ததும் தானாகத் திரும்பாது. அயல்நாட்டவர் அலுவலகத்திடம் தடை நீக்கக் கடிதம் கேட்டு வாங்கிக் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அனுமதி அட்டை வாங்கப் போகும் அன்றே, அதே மேசையில், அந்தக் கடிதத்தையும் கேட்டுவிடுங்கள்.