பருக்குழிக்கு எனக்குக் கேட்ட வைத்தியம்

பாளையங்கோட்டையில் தோல் டாக்டரம்மா விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து என் கன்னத்தைப் பார்த்தார்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் குழியின் நிழல் தெரியும். அகலமான, மேடுபள்ளமான குழிகளுக்கு சப்சிஷன்: தோலை அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுகிறார்கள். எனக்கு அதிகம் கேட்டது இதுதான். ஊசி குத்தியதுபோல ஆழமாக இருந்தவற்றில் டிசிஏ அமிலத்தைத் துளி தொட்டு வைத்தார்கள். அந்த இடம் உடனே வெள்ளை பூத்தது. மிச்சத்துக்கு மைக்ரோநீடிலிங்: நுண்ணிய ஊசிகளால் தோலில் குத்துவது. லேசர் வேண்டாம் என்றேன். நம் மாநிறத் தோலில் அது கருமை படிய விடலாம். ஜங்ஷன் வரை பைக்கில் போய் வந்தாலே முகம் காந்துகிற வெயில் வேறு. குழியை நிரப்பும் கொலாஜன் என்கிற தோல் புரதம் ஊற மாதக்கணக்கில் ஆகும், பொறுக்கணும். புதுப் பரு வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்குங்கள், அப்புறம் குழிக்குப் போகலாம். சன்ஸ்கிரீனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.